கன்சோலுக்குரிய சிக்கனத் திரையின் லட்சணம்

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் சாலையில் மிளகு வாங்க வருகிற வியாபாரி, சாக்கின்மேல் எழுதியிருக்கும் பெயரைப் படித்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. குத்தூசியைச் சாக்கில் செருகி, வந்து விழுந்த மணிகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, ஈரம் எவ்வளவு, பொக்கு எவ்வளவு என்று நிதானித்து, கடைசியில் ஒரு லிட்டர் மிளகு 500 கிராம் நிற்கிறதா, 550 கிராம் நிற்கிறதா என்று எடை போட்டுத் தெரிந்துகொண்ட பிறகே விலை பேசத் தொடங்குகிறான். மிளகுக்கென்றே 1957-ஆம் வருஷத்தில் ஒரு முன்பேர வர்த்தகச் சங்கம் தோன்றிய ஊர் இது. சரக்கைச் சோதித்து வாங்கும் வித்தையை இவ்வூராருக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, அந்தக் கிடங்குகளின் வாசனையிலேயே வளர்ந்த வாலிபர்கள், படகேறி எர்ணாகுளத்துக்குப் போய், மேனகைப் பக்கத்துக் கடைகளிலோ பள்ளிமுக்கிலோ கன்சோல் விளையாட்டுக்கு ஒரு மானிட்டர் வாங்கும்போது மட்டும், பெட்டியின்மேல் எந்த எண் பெரிதாக அச்சாகியிருக்கிறதோ அதைப் பார்த்து வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள் என்பது எனக்கு வெகுநாளாக வியப்பாக இருந்து வருகிறது.

வியப்பு ஆராய்ச்சியாக மாறியதற்குக் காரணம் என் தங்கை மகன். பல மாதங்கள் சேமித்த பணத்தில் ஒரு பிளேஸ்டேஷன் 5 வாங்கியிருந்தான். வீட்டு டெலிவிஷனை அவனுக்காக யாரும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. ஆகையால் 27 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கி வந்தான். பெட்டியில் 165 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 165 படங்கள், என்று இருந்தது. கடைக்காரரும் அதையே சொல்லியிருந்தார். இரண்டு நாள் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, "மாமா, பெட்டியில 165-னு போட்டிருக்கு, கன்சோல்ல பார்த்தா 60-தான் காட்டுது, திரை கெட்டுப்போச்சா?" என்று கேட்டான். திரை கெடவில்லை. கூடவே வந்த குறிப்புப் புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தபோது, 165 என்பது டிஸ்பிளேபோர்ட் என்னும் துவாரத்தின் வழியாக மட்டுமே என்றும், எச்.டி.எம்.ஐ. வழியாகத் திரையின் முழு அளவில் 75-க்கு மேல் போகாது என்றும் எறும்பு போன்ற எழுத்தில் அச்சாகியிருந்தது. கன்சோலுக்கு 75 என்ற கணக்கே கிடையாது. 120 முடியாதென்றால் அது 60-க்கு இறங்கிவிடும். அவனுடைய கன்சோலிலோ டிஸ்பிளேபோர்ட் என்ற துவாரமே இல்லை. பிளேஸ்டேஷனாகட்டும், எக்ஸ்பாக்ஸாகட்டும், நின்டென்டோ ஸ்விட்சாகட்டும், திரைக்குப் படம் அனுப்ப இவை எல்லாவற்றுக்கும் உள்ள வாசல் எச்.டி.எம்.ஐ. ஒன்றுதான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதன் சாரம் அந்தச் சம்பவத்திலேயே அடங்கியிருக்கிறது. கன்சோல் என்ன அனுப்புகிறது என்பதை முதலில் அறிந்து, அதை உள்ளே வாங்கிக்கொள்ளும் துவாரம் எத்தகையது என்பதை அடுத்து விசாரித்து, திரையின் அழகை மூன்றாவதாகவே பார்க்க வேண்டும். கடைகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. பெரும்பாலான மானிட்டர்கள் கம்ப்யூட்டருக்காகச் செய்யப்பட்டவை. பெட்டியின்மேல் உள்ள எண்களும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவரை மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. கன்சோல்காரன் அவற்றைத் தன் பாஷையில் பெயர்த்துப் படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கன்சோலுக்கும் டெலிவிஷனுக்கும் உள்ள உறவு பழமையானது. 1972-இல் அமெரிக்காவில் வெளியான மாக்னவாக்ஸ் ஒடிஸி என்னும் முதல் வீட்டு விளையாட்டுப் பெட்டிக்குச் சொந்தமாகப் படம் வரையும் சக்தி அநேகமாக இல்லை. வெளிச்சப் புள்ளிகளையும் கோட்டையும்தான் காட்டும். மைதானமும் வீடும் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்களை டெலிவிஷன் கண்ணாடிமேல் ஒட்டிக்கொண்டு விளையாடினார்கள். திருவனந்தபுரத்திலிருந்து தூர்தர்ஷனின் மலையாள ஒளிபரப்பு 1985 ஜனவரி 1-ஆம் தேதி தொடங்கிய காலத்தில் இந்தப் பக்கத்து வீடுகளில் கெல்ட்ரான் பெட்டிகள் வந்து அமர்ந்தன. அடுத்த பத்தாண்டுகளில் கேசட் செருகும் விளையாட்டுப் பெட்டிகள் அவற்றோடு வந்து சேர்ந்தன. நம் தேசத்து ஒளிபரப்பு முறை நொடிக்கு 50 என்ற கணக்கிலும், ஜப்பான், அமெரிக்க முறை 60 என்ற கணக்கிலும் இயங்கியதால், 60-க்கென்று எழுதப்பட்ட ஆட்டம் 50-இல் ஓடும்போது ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, கதாநாயகன் தண்ணீருக்குள் ஓடுவதுபோல ஓடினான். அந்தக் குறையை யாரும் குறையாக அறியவில்லை. துப்பாக்கியால் வாத்துச் சுடும் ஆட்டம் பலருக்கு நினைவிருக்கும். அந்தத் துப்பாக்கி, பழைய படக்குழாயின் எலக்ட்ரான் கற்றை திரையில் வெளிச்சம் எழுதும் கணத்தைக் கவனித்து இலக்கை அறிந்ததால், இன்றைய தட்டைத் திரைகளில் அது வேலை செய்யாது. என் வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது. ஆக, விளையாட்டுப் பெட்டியும் திரையும் ஒன்றையொன்று அறிந்து நடக்க வேண்டும் என்னும் விதி புதிதாக ஏற்பட்டதல்ல.

இனிக் கன்சோல்களின் பக்கம் வருவோம். 1920-க்கு 1080 என்ற அளவில் திரையில் ஏறக்குறைய 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 2560-க்கு 1440-இல் 36.9 லட்சம், 4கே என்று அழைக்கப்படும் 3840-க்கு 2160-இல் 82.9 லட்சம். பிளேஸ்டேஷன் 4 முதல் அளவுக்கென்று பிறந்தது. அதன் புரோ ரகம் மூன்றாவது அளவையும் அனுப்பும். இரண்டுமே நடுவிலுள்ள 1440-ஐ அனுப்புவதில்லை. ஆகவே பழைய பிளேஸ்டேஷன் 4 வைத்திருப்பவர் கூடுதல் பணம் கொடுத்து 1440 திரை வாங்கினால், 1080 படம் அதில் இழுத்து விரிக்கப்பட்டு, 1080 திரையில் தெரிவதைவிட மங்கலாகவே தெரியும். 2017-இல் வந்த ஸ்விட்சின் கதையும் இதுவே. டாக்கில் வைத்தால் 1080-உம் நொடிக்கு 60 படங்களும் அதன் எல்லை. 2025 ஜூனில் வெளியான ஸ்விட்ச் 2 அந்த எல்லையைத் தாண்டிவிட்டது: 4கே என்றால் 60 படங்கள், 1080, 1440 என்றால் 120 படங்கள் என்பது அதன் கணக்கு. பிளேஸ்டேஷன் 5, 2020-இல் பிறந்து 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது அதற்கும் 1440 தெரியாது. 2022 செப்டம்பரில் வந்த மென்பொருள் திருத்தத்தால்தான் அந்த ஞானம் கிடைத்தது. அதற்கு முன் எழுதப்பட்ட ஆலோசனைகளை இன்றும் சிலர் ஒப்பித்துக்கொண்டிருப்பதால் இதைக் குறிப்பிட நேர்ந்தது. எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் என்னும் சிறிய பெட்டியோ ஆரம்பத்திலிருந்தே 1440-ஐ லட்சியமாகக் கொண்டு செய்யப்பட்டது. பல பெரிய ஆட்டங்களில் அந்த லட்சியத்தை அது எட்டுவதில்லை என்பது வேறு விஷயம்.

துவாரத்தின் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏமாற்றமும் பணநஷ்டமும் நேர்வது பெரும்பாலும் இங்கேதான். எச்.டி.எம்.ஐ. என்பது ஒரே வடிவமுள்ள வாய். ஆனால் அந்த வாய்க்குப் பின்னால் உள்ள தொண்டை தலைமுறைக்குத் தலைமுறை அகலம் மாறியிருக்கிறது. 1.4 என்னும் பழைய தலைமுறையில் நொடிக்கு 10.2 கிகாபிட், 2.0-இல் 18 கிகாபிட், 2.1-இல் 48 கிகாபிட் வரை. பழைய தொண்டை 1080 படத்தை நொடிக்கு 120 முறை விழுங்கிவிடும். 1440 ஆனால் 60, 75 என்ற அளவிலேயே விக்கிக்கொள்ளும். 2.0 இருந்தால் 1440 படம் 120 முறை தாராளமாகப் போகும். 4கே 60 முறை போகும். 4கே 120 முறை வேண்டுமென்றால் 2.1 தேவை. இந்த வாக்கியங்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவனை ஏமாற்றுவது கடினம்.

கடினமே தவிர முடியாததல்ல. 2.1 என்ற பெயரையே நம்பக்கூடாத ஒரு நிலைமையை அந்தத் தரத்தை நிர்வகிக்கிறவர்களே உண்டாக்கியிருக்கிறார்கள். 2.0 என்ற தரம் 2.1-க்குள் கலந்துவிட்டதாகவும், புதிய அம்சங்கள் எல்லாம் விருப்பத்துக்குரியவையே என்றும் அவர்கள் கொண்டுள்ள கொள்கையின்படி, பழைய அகலமுள்ள துவாரத்தை வைத்தே ஒரு கம்பெனி பெட்டியின்மேல் 2.1 என்று அச்சிட்டுக்கொள்ளலாம்; அதில் சட்டவிரோதம் ஏதுமில்லை. பசுநெய் என்ற பெயர்ப்பலகை போட்ட கடையில் பசு இருக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது போலத்தான் இது. ஆகையால் வாங்குகிறவர் கேட்க வேண்டியது பதிப்பின் எண்ணை அன்று, "எச்.டி.எம்.ஐ. வழியாக, இந்த அளவில், நொடிக்கு எத்தனை?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டு, அதற்கு விடையாகக் கம்பெனியின் குறிப்புப் பட்டியலில் உள்ள வரியைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். மிளகு வியாபாரியின் லிட்டர் எடைக்குச் சமமான பரீட்சை மானிட்டர் விஷயத்தில் உண்டென்றால், அது இந்தக் கேள்விதான்.

கேள்விக்குத் திருப்தியான பதில் 120 என்று வந்துவிட்டால் போதும். 144, 165, 180, 240 என்று அதற்குமேல் ஏறிப்போகும் எண்கள் கன்சோல்காரனுக்கு வெறும் அலங்காரம். இன்றைய கன்சோல்கள் எவையும் 120-ஐத் தாண்டி அனுப்புவதில்லை. மேற்கொண்டு உள்ள எண்களுக்குக் கொடுக்கும் பணம், பஸ்ஸில் ஐந்தாவது ஆளுக்கு டிக்கெட் வாங்கிவிட்டு நால்வர் பிரயாணம் செய்வதற்கு ஒப்பாகும். ஆனால் 120-தான் வேண்டுமா, 60 போதாதா என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 60-இல் 16.7 மில்லிசெகண்டும் 120-இல் 8.3 மில்லிசெகண்டும் செல்கின்றன. ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டூட்டி போன்ற சண்டை ஆட்டங்களை எதிராளிகளோடு ஆடுகிறவனுக்கு இந்த வித்தியாசம் கையில் தெரியும். கதைப்போக்குள்ள பெரிய ஆட்டங்களோ பெரும்பாலும் 30-இலோ 60-இலோதான் ஓடுகின்றன. அவற்றுக்கு 120 என்ன செய்யும்?

இங்கே ஒரு சுவையான கணக்கு இருக்கிறது. 2021-இல் வெளிவந்த ராச்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட் என்னும் ஆட்டத்தில், நொடிக்கு 40 படங்கள் என்ற முறையைப் பின்னர் சேர்த்தார்கள். 60-ஐ 40-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் வகுபடாது. ஆகவே 60 திரையில் சில படங்கள் ஒருமுறையும் சில படங்கள் இருமுறையும் தங்கி, நடை தடுக்கும். 120-ஐ 40 மூன்று முறை சரியாக வகுக்கும். ஒவ்வொரு படமும் மூன்று துடிப்புகள் நின்று, 30-ஐவிட மிருதுவாகவும் 60-இன் அளவுக்குப் பெட்டிக்குச் சிரமம் கொடுக்காமலும் காட்சி நகர்கிறது. அதன்பின் வேறு பல ஆட்டங்களும் இந்த யுக்தியைப் பின்பற்றின. எனவே 120 திரை என்பது வேகப்பிரியர்களுக்கு மட்டும் உரிய ஆடம்பரம் என்று நான் முன்பு கொண்டிருந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று.

துடிப்பை ஆட்டத்தின் போக்குக்கேற்பத் திரையே மாற்றிக்கொள்ளும் வி.ஆர்.ஆர். என்னும் வசதியைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசுகின்றன. மலிவு மானிட்டர்களில் ஃப்ரீசிங்க் என்ற பெயரில் அது இருக்கும். எக்ஸ்பாக்ஸ் அதை ஏற்றுக்கொள்ளும். பிளேஸ்டேஷன் 5 ஏற்றுக்கொள்ளாது, எச்.டி.எம்.ஐ. 2.1-இன் சொந்த முறையை மட்டுமே மதிக்கும், அதிலும் 48 முதல் 120 வரையுள்ள எல்லைக்குள். எக்ஸ்பாக்ஸ்காரர் ஃப்ரீசிங்க் என்ற சொல்லைப் பெட்டியில் தேடட்டும். பிளேஸ்டேஷன்காரர் அதற்காகப் பணம் கொடுக்க வேண்டாம்.

அளவைப் பற்றிச் சொல்லும்போது ஊரைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. மட்டாஞ்சேரியின் பழைய வீடுகள், குறிப்பாகத் தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரித்துக்கொண்ட வீடுகள், முன்னறை என்ற பெயரில் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும் ஒரு மேஜையும் நெருக்கிக்கொண்டு நிற்கும் இடங்கள். அங்கே பையன் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் மேஜைமேலுள்ள திரை மூன்றடியில் இருக்கும். கண்ணின் கூர்மைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எல்லையைக் கொண்டு கணக்கிட்டால், 24 அங்குல 1080 திரையில் புள்ளிகள் தனித்தனியே தெரியாமல் மறையும் தூரம் ஏறக்குறைய மூன்றடி. அதே 1080-ஐ 27 அங்குலத்தில் விரித்தால் மூன்றரை அடி. 27 அங்குல 1440 திரையில் இரண்டே முக்கால் அடிக்கும் குறைவு. ஆகவே 1080 என்றால் 24 அங்குலம், 27 அங்குலம் என்றால் 1440 என்று வைத்துக்கொள்வது சாஸ்திரத்துக்கும் முன்னறைக்கும் ஒத்ததாக இருக்கும். 27 அங்குல 1080 மானிட்டர்கள் விலைப் பட்டியலில் கவர்ச்சியாகத் தோன்றுகின்றன. கட்டிலிலிருந்து பார்க்கும்போது கொசுவலை வழியாகப் பார்ப்பது போன்ற ஒரு சாயல் அவற்றில் வந்துவிடுகிறது.

"அதே விலைக்கு 32 அங்குல டெலிவிஷனே கிடைக்கிறதே" என்று கேட்காத தகப்பனார் இல்லை. கேள்வி நியாயமானதே, ஆனால் பத்தாயிரம் ரூபாய் அண்டையில் கிடைக்கும் 32 அங்குலப் பெட்டிகளில் மிகப் பல 1366-க்கு 768 என்ற அளவே உள்ளவை, எச்.டி. ரெடி என்ற அழகிய பெயரின் பொருள் அதுதான். அவற்றில் புள்ளிகள் மறைய வேண்டுமானால் ஏறக்குறைய ஆறடி தள்ளி உட்கார வேண்டும். முன்னறையில் ஆறடி தள்ளினால் தெருவுக்கு வந்துவிடுவோம். விளையாட்டுகளில் பட்டியலும் வசனமும் சிறு எழுத்தில் வருவதால் வாசிப்பும் சிரமம். தவிர, டெலிவிஷன் தனக்கு வந்த படத்தை மெருகேற்றிக் காட்டும் சுபாவமுடையது. அந்த மெருகேற்றலுக்கு நேரம் செல்வதால், பொத்தானை அமுக்குவதற்கும் திரையில் வாள் வீசுவதற்கும் நடுவே ஒரு தயக்கம் உண்டாகிறது. கேம் மோட் என்ற அமைப்பு இருந்தால் அதைப் போட்டுத் தயக்கத்தைக் குறைக்கலாம். நால்வர் சேர்ந்து சினிமாவும் பார்த்து ஆட்டமும் ஆடுகிற கூடமுள்ள வீட்டுக்கு 43 அங்குல 4கே டெலிவிஷன் உசிதமே. இந்த ஆராய்ச்சி அந்தக் கூடம் இல்லாதவர்களுக்கு உரியது.

சிக்கனத் திரையின் ஜாதிகள் மூன்று: டி.என்., ஐ.பி.எஸ்., வி.ஏ. முதலாவதை மறந்துவிடலாம், பக்கவாட்டில் சற்று நகர்ந்தாலே நிறம் சிதைகிறது. வி.ஏ. கருமையில் சிறந்தது, ஐ.பி.எஸ்.-இல் வெளுப்புக்கும் கருப்புக்கும் உள்ள விகிதம் ஆயிரத்துக்கு ஒன்று என்றால் இதில் மூவாயிரத்துக்கு ஒன்று. ஆனால் மலிவான வி.ஏ. திரைகளில் இருண்ட காட்சிகள் வேகமாக நகரும்போது ஈரச் சுவரில் கரித்துணியால் துடைத்தது போன்ற ஒரு தடம் பின்னால் இழுபடுகிறது. அண்ணன் தம்பிகள் பாயில் வரிசையாக அமர்ந்து ஆளுக்கொரு கோணத்தில் பார்க்கும் வீட்டில் ஐ.பி.எஸ்.-ஐயே நான் சிபாரிசு செய்வேன். தனியாக, இரவில், விளக்கணைத்துப் பேய் ஆட்டங்கள் ஆடுகிறவர் மாத்திரம் வி.ஏ.-வை யோசிக்கலாம்.

பெட்டியின்மேலுள்ள இரண்டு வாசகங்களை வாசிக்காமலே கடந்துவிடலாம். ஒன்று, புள்ளி நிறம் மாறும் நேரம் ஒரு மில்லிசெகண்ட் என்பது. அதை அளக்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடுவதாலும், பின்விளக்கைச் சிமிட்டி மங்கலாக்கிப் பெற்ற எண்ணையும் அதே பெயரால் அழைப்பதாலும், அது ஒப்பிடுவதற்கு உதவாது. மற்றொன்று, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை விரித்துக் காட்டும் எச்.டி.ஆர். மலிவு மானிட்டரில் இந்தச் சொல்லுக்கு, அத்தகைய சமிக்ஞை வந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளும் என்பதற்குமேல் அர்த்தமில்லை. வீசா என்னும் சங்கம் 2017 டிசம்பரில் வகுத்த தரவரிசையின் அடிப்படியான டிஸ்பிளே எச்.டி.ஆர். 400-கூட, பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதியைக் கட்டாயமாக்கவில்லை. அந்த வசதி இல்லாத திரையில் சூரியனும் நிழலும் ஒரே விளக்கைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கன்சோலின் அமைப்பில் எச்.டி.ஆர்.-ஐ அணைத்துவிட்டு ஆடினால் பல மலிவுத் திரைகளில் படம் தெளிந்துவிடும் என்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அலுவலகங்கள் கழித்துவிட்ட மானிட்டர்கள், துடைத்துச் சீர்செய்யப்பட்டு, புதியவற்றின் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கின்றன. இதில் இழிவு ஒன்றுமில்லை. அலுவலக மானிட்டர்கள் பெரும்பாலும் ஐ.பி.எஸ். ஜாதியைச் சேர்ந்தவை, அவற்றின் நிற்பலகை உயர்த்தித் தாழ்த்தத்தக்கது, கட்டுமானமும் உறுதியானது. பிளேஸ்டேஷன் 4-க்கும் முதல் ஸ்விட்சுக்கும் இவை தாராளமாகப் போதும். ஆனால் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. இருக்கிறதா என்பது முதலாவது, வி.ஜி.ஏ. மட்டும் இருந்தால் இடையே மாற்றுக்கருவி வேண்டும், டி.வி.ஐ. இருந்தால் சாதாரணக் கேபிளே போதும், ஆனால் அதில் சத்தம் வராது. 1920-க்கு 1200 என்ற அளவுள்ள பழைய திரைகளில் கன்சோல் படம் உயரவாக்கில் நீண்டு மனிதர்கள் ஒட்டடைக்குச்சியாகத் தோன்றாமலிருக்க, விகிதத்தைக் காக்கும் அமைப்பு மெனுவில் இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது. மூன்றாவதாக, வெறும் வெள்ளைப் படத்தைப் போட்டு மூலைகளில் மஞ்சள் படர்ந்திருக்கிறதா என்றும், கருப்புப் படத்தைப் போட்டு அணையாத புள்ளி ஏதேனும் மினுங்குகிறதா என்றும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிக்கன மானிட்டர்களில் ஸ்பீக்கர் இருக்காது. இருந்தாலும் தகர டப்பாவுக்குள் கொசு பாடுவது போலிருக்கும். பிளேஸ்டேஷன் 5, சாதாரண புளூடூத் ஹெட்போனோடு நேரடியாகச் சேராது என்பது பலருக்கு வாங்கிய பிறகே தெரிய வருகிறது. கன்ட்ரோலரின் அடியில் உள்ள துவாரத்தில் கம்பியுள்ள ஹெட்போன் ஒன்றைச் செருகினால் தீர்ந்தது. அடுத்த கட்டிலில் பாட்டியும் தூங்கலாம்.

கொச்சிக்கே உரிய ஒரு பகுதி பாக்கியிருக்கிறது. எந்தக் கம்பெனியின் குறிப்புப் புத்தகத்திலும் இது இராது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையைவிட, மலையாள மாதங்களான மேடத்திலும் துலாத்திலும் மாலை நான்கு மணிக்குமேல் கிழக்கிலிருந்து கருத்து வரும் இடிமழையே இங்கே மின்சாதனங்களின் பரம சத்துரு. மின்கம்பி வழியாக வரும் அதிர்ச்சிக்கு அஞ்சி எல்லோரும் பிளக்கைக் கழற்றுகிறார்கள். டிஷ் கேபிள் வழியாகவும் இன்டர்நெட் கம்பி வழியாகவும் அது நுழையும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கன்சோலில் செருகிய இன்டர்நெட் கம்பி வழியே நுழைந்த அதிர்ச்சி எச்.டி.எம்.ஐ. கேபிளில் ஏறி மானிட்டரின் வாய்க்குப் போய்விடுகிறது. அப்போது திரை வெளிச்சமாகத்தான் இருக்கும், "சிக்னல் இல்லை" என்று மாத்திரம் காட்டும். எங்கள் தெருவில் ஒரே மாலையில் இரண்டு வீடுகளில் இது நடந்தது. ஆகையால் துவாரத்தைப் பற்றி முன்பு சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: விலை அதிகம் வேறுபடாதபோது இரண்டு எச்.டி.எம்.ஐ. உள்ள மானிட்டரையே வாங்குங்கள். ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சலாம்.

பழைய வீடுகளின் சுவர்ப்பெட்டிகளில் மூன்றாவது துளை இருக்கும், அதன் பின்னால் எர்த் கம்பி இராது. கன்சோலின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரல் நுனியில் எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி வருமானால், மானிட்டர் தேடுவதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைத் தேட வேண்டும். இடிக்காப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பலகைகூட, எர்த் இல்லாவிட்டால் தன் வேலையை முழுமையாகச் செய்யாது. மானிட்டருக்கு 20, 30 வாட் போதும். பிளேஸ்டேஷன் 5 பெரிய ஆட்டத்தில் 200 வாட் அளவுக்கு இழுக்கும். வீட்டு இன்வர்ட்டரில் இரண்டையும் போடுவதாக இருந்தால் இந்தக் கூட்டுத்தொகையை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். உப்பங்கழிக் காற்றில் மாதக்கணக்கில் மூடி வைத்த மின்சாதனம் பூஞ்சணம் பூக்கும். பரீட்சைக் காலத்தில் கன்சோலைப் பூட்டி வைக்கும் பெற்றோர்கள், திரையையாவது வாரத்துக்கு ஒருமுறை அரைமணி எரியவிடுவது நல்லது.

கடைசியாக விலை. 32 அங்குலம் வரையுள்ள மானிட்டருக்கு 2019 ஜனவரி 1 முதலே ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு மேற்பட்டவற்றுக்கு இருந்த 28 சதவீதமும் 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. ஆதலால், வரிக்காக அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இப்போது இல்லை. முதுகுப்புறத்தில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உத்தரவாதம் மூன்று வருஷமா, ஒரு வருஷமா என்பதோடு, புள்ளி ஒன்றிரண்டு செத்திருந்தால் மாற்றித் தருவார்களா என்பதையும் படிக்க வேண்டும். பல கம்பெனிகள் தருவதில்லை. இணையத்தில் நூறு இருநூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கலாம். ஆனால் உங்கள் கன்சோலையே தூக்கிக்கொண்டு போய்ச் செருகிப் பார்க்க அனுமதிக்கும் கடை ஒன்று பள்ளிமுக்கில் கிடைத்தால், அந்த இருநூறு ரூபாயைக் கடைக்காரருக்கே கொடுத்துவிடலாம்.

இவ்வளவையும் கூட்டிப் பார்த்து என் தீர்ப்பைக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். பிளேஸ்டேஷன் 4, முதல் ஸ்விட்ச் இவற்றுக்கு 24 அங்குல, 1080, ஐ.பி.எஸ். திரை, பத்தாயிரம் ரூபாய்க்குள். அதற்குமேல் ஒரு காசும் வேண்டாம். சீரீஸ் எஸ்-ஐயோ பிளேஸ்டேஷன் 5-ஐயோ வைத்துக்கொண்டு கையில் அதே பத்தாயிரம்தான் இருக்கிறதென்றால், அதே அளவுள்ள திரை, ஆனால் எச்.டி.எம்.ஐ. வழியாக 120 வருவது. பதினைந்திலிருந்து இருபதாயிரம் வரை செலவிட முடிந்தால், 27 அங்குல, 1440, ஐ.பி.எஸ்., எச்.டி.எம்.ஐ. வழியாக 120. இந்த விலைக்கு 4கே என்று சொல்லி யாராவது எதையாவது நீட்டினால், அதில் 60-க்குமேல் வராது, வெளிச்சமும் போதாது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். என் தங்கை மகனால் தன் மானிட்டரைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கன்சோலை 1080-க்கு இறக்கி 120-இல் ஆடுகிறான், அந்தத் துவாரம் அவ்வளவுக்கு இடம் கொடுத்தது. படம் சற்று மங்கல்தான். அடுத்த திரைக்கு உண்டியல் வைத்திருக்கிறான்.

துலாமாதம் நெருங்குகிறது. கிழக்கே இருட்டினால், ஆட்டம் பாதியில் நின்றாலும் பாதகமில்லை. பிளக்கோடு நிற்காமல் இன்டர்நெட் கம்பியையும் எச்.டி.எம்.ஐ. கேபிளையும் சேர்த்துக் கழற்றி வையுங்கள்.